தம்பியின் காருக்கு அடியில் இருந்த தட்டு

என் தம்பியும் நானும் இரண்டரை வருஷம் ஒரு பிளாஸ்டிக் தட்டுக்காகச் சண்டை போட்டோம். அவன் ஜெர்மனியில் இருந்துகொண்டு, நான் எர்ணாகுளத்துப் பக்கம் மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அவனிடமிருந்து போன் வரும். சாப்பிட்டாயா, மழை உண்டா என்ற விசாரிப்பெல்லாம் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் தட்டுதான்.

அவனுடைய ஸ்போர்ட்ஸ் காரில், எஞ்சினுக்கு அடியில், முன் பம்பரிலிருந்து முன்சக்கரங்கள் வரைக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு மூடி உண்டு. எஞ்சினின் அடிவயிறு ரோட்டில் படாமல் அது மறைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி வைத்துவிடலாம் என்பது என் கட்சி. கூடவே கூடாது என்பது அவன் கட்சி. இதற்கா இரண்டரை வருஷம் என்று கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வேறு யாராவது இப்படிச் சண்டை போட்டால் எனக்கே வரும்.

அவன் என்னைவிடப் பதினோரு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவனும் பண்ணிக்கொள்ளவில்லை, ஆனால் அவனுக்குக் கார் இருந்தது. இரண்டே ஆள் உட்காருகிற, தரையோடு தரையாகக் கிடக்கிற சிவப்பு ஜப்பான் கார். பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கி வந்தான். ஜெர்மனியில் வேலை கிடைத்தபோது, "ரெண்டே வருஷம் அக்கா. காண்ட்ராக்ட் முடிஞ்சா நான் இங்கேதான்" என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தான். வாரம் ஒரு தடவை ஓட்டு, இல்லாவிட்டால் பேட்டரி செத்துப் போகும். எலி ஏறாமல் பார்த்துக்கொள். அடியில் இருக்கிற தட்டைக் கழற்று என்று எவன் சொன்னாலும் கேட்காதே. இந்த மூன்று உத்தரவையும் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

இரண்டு வருஷம் மூன்றாயிற்று. காண்ட்ராக்டை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டார்கள் என்றான். எப்போதடா வருவாய் என்று நான் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லித் தொலைப்பானோ என்று பயம். அதற்குப் பதிலாகத் தட்டைப் பற்றிக் கேட்பேன். "கழட்டட்டுமாடா?" என்பேன். "அக்கா!" என்று அங்கிருந்து ஒரு கத்தல் வரும். அந்தக் கத்தலைக் கேட்டால்தான் எனக்கு அந்த வாரம் கழியும். திரும்பி வந்து ஓட்டப் போகிறவன்தானே இப்படிக் கத்துவான்? வேண்டாம் என்று விட்டுப் போனவனுக்குத் தட்டு இருந்தால் என்ன, குப்பையில் கிடந்தால் என்ன? எல்லாம் நானே போட்டுக்கொண்ட தப்புக்கணக்கா, சரியான கணக்கா என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆனால் சும்மா அவனைச் சீண்டுவதற்காக மட்டும் நான் கேட்கவில்லை. அந்தத் தட்டு நிஜமாகவே என் பிராணனை வாங்கியது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காரை எடுப்பேன். சந்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் வேகத்தடையாக மூன்று ஹம்ப். ஒவ்வொன்றிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோணலாக ஏற்றி, கோணலாக இறக்கினாலும் அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், அடி நாக்கில் மண் பட்டாற்போல் இருக்கும். கடை திறக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஐம்பத்திநாலு வயசுக்காரி, எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் சூப்பரண்டென்ட், காட்டன் புடவை கட்டிக்கொண்டு சிவப்பு ரேஸ் காரில் ஹம்ப்பு ஹம்ப்பாக உரசிக்கொண்டு போகிறாள் என்றால் பார்க்கத்தானே செய்வார்கள். தோப்பும்படி போய், பாலம் ஏறி வில்லிங்டன் தீவு வரை ஒரு சுற்று. திரும்பி வந்து ஷெட்டில் விடும்போது முதுகு வேர்த்திருக்கும்.

தோப்பும்படியில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் ஒருவர் உண்டு. வீடு சுள்ளிக்கல்லில். அவர்கள் வீட்டிலும் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் அவர் தமிழ் வேறு, எங்கள் வீட்டுத் தமிழ் வேறு. கழற்றுவதை அவர் 'ஊருவது' என்பார். அவர் முதல் தடவை காரை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சேச்சி, இது ஜப்பான்காரன் ஊரு ரோட்டுக்குச் செஞ்சது. நம்ம ஹம்ப்புக்குச் சரிப்படாது. ஊரி வீட்ல வெச்சிருங்க. தம்பி வரும்போ மாட்டிக்கட்டும். ஆயில் மாத்தணும்னா பதினெட்டு கிளிப்பு கழட்ட வேண்டியிருக்கு. அடியில ஒழுகுதா, ஒடைஞ்சிருக்கா ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் இது மூடி வெச்சிருக்கு."

எனக்கு அது சரியாகப் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னேன்.

"ஹம்ப்பிலே தட்டி ஒரு மூலை தொங்கறதுடா. கம்பி வெச்சுக் கட்டியிருக்கேன்."

"கம்பியா! யார் கட்டச் சொன்னா?"

"பின்னே தொங்கவிட்டுண்டு ஊர்கோலம் போகட்டுமா?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. அது இருந்தாத்தான் முன்னாடி நுழையற காத்து ரேடியேட்டர் வழியாப் போகும். இல்லேன்னா கீழேயே சாடிப் போயிடும். எஞ்சின் சூடாகும். ரோட்டுத் தண்ணி தெறிச்சு பெல்ட்டுலே விழும். அதை வரைஞ்சவாள்ளாம் மண்டுகளா?"

"அவாளுக்கு மட்டாஞ்சேரி தெரியுமாடா?"

"உன் மெக்கானிக்குக்கு இந்த வண்டி தெரியுமா?"

இப்படிப் போகும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம். பட்டறையில் நிற்கும்போது மெக்கானிக் பக்கம் சாய்வேன், போனில் தம்பி கத்தும்போது அவன் பக்கம் சாய்வேன். கடைசியில் தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. வாரம் ஒரு சுற்றுத்தானே என்று அப்புறம் ஆயில் மாற்றவில்லை, அதனால் அதைக் கழற்றவும் இல்லை.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. ஆபீஸிலிருந்து வந்தால் சாயா போட்டுக் குடிப்பதற்குள் இரண்டு தடவை ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக மிளகுக் கிடங்கு, சுக்குக் கிடங்கு. அங்கேயிருந்து வருகிற எலிகளுக்கும் பெருச்சாளிகளுக்கும் காரின் வயர் என்றால் உயிர். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஒரே ராத்திரியில் கடித்துக் குதறி வைத்திருந்தன. தம்பியின் இரண்டாவது உத்தரவு எனக்கு ஞாபகம் வந்தது. ஷெட்டில் பாயை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டின் பின்பக்கம் நீளமாக ஒரு இடுக்கு, நடுவில் நாலைந்து ஓட்டை. ஏறுகிற வழி இதுதான் என்று கண்டுபிடித்துவிட்டேன்! அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து, புகையிலையும் பாச்சை உருண்டையும் வைத்துச் சுருட்டி, குச்சியால் குத்திக் குத்தி ஒரு இடம் விடாமல் அடைத்தேன். அப்புறம் ஒரு எலி வரவில்லை. இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று வைத்திருந்தேன்.

கார்த்திகையிலும் மார்கழியிலும் எங்களுக்கு வேலியேற்றம் உண்டு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி, விடியற்காலையில் சந்துக்குள் வந்து நிற்கும். முன்பெல்லாம் பாதம் நனையும், இப்போது கணுக்காலுக்கு மேலே வருகிறது. ஒன்பது பத்து மணிக்கு இறங்கிவிடும். அது இறங்கினவுடன் சந்தே ஹோஸும் வாளியுமாக வெளியே வரும். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பை நல்ல தண்ணீரால் உடனே கழுவ வேண்டும் என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஸ்கூட்டர், சைக்கிள், கேட்டின் அடிப்பாகம், கிரில், எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் வேலைக்குப் போவோம்.

நானும் காரைக் கழுவினேன். வெறுமனே கழுவிவிட்டுப் போனால் அது நானா? பானெட்டைத் திறந்து, வயர் இருக்கிற இடத்தையெல்லாம் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி, ஓரமாக ஹோஸை உள்ளே இறக்கி அரை மணி நேரம் தண்ணீர் விடுவேன். ஆபீஸுக்கு லேட்டானாலும் சரி. மூன்று வருஷம், ஒரு வேலியேற்றம் விடாமல் செய்தேன். ஷெட்டின் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அதைப் போனில் தம்பியிடம் பெருமையாகச் சொல்லுவேன். அவனும் "சபாஷ் அக்கா" என்பான்.

இந்த வருஷம் மார்கழி வேலியேற்றம் எல்லாம் முடிந்து பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தின் பாதியில் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, எண்ணெய்க் கிண்டி மாதிரிப் படம் போட்டது. அது எரிந்தால் அந்த நிமிஷமே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்று தம்பி தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். நிறுத்திவிட்டேன். பின்னால் மீன் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான் பாருங்கள், பாலமே அதிர்ந்தது. ஜன்னலை இறக்கி, "பறந்து போடா!" என்று நானும் கத்தினேன். மெக்கானிக்குக்குப் போன் பண்ணினேன். அவர் ஸ்கூட்டரில் வந்து, எண்ணெய் அளக்கிற கம்பியை உருவிப் பார்த்தார். கம்பியில் எண்ணெயே இல்லை.

"ஒழுகியிருக்கு சேச்சி."

"ஒரு சொட்டு ஒழுகலை. தினம் தரையைப் பாக்கறேன்."

அவர் வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு போனார். அன்று மத்தியானம் தம்பி கூப்பிட்டான். "ஓட்டினாயா?" என்றான். "ஓட்டினேன். ஒரு குழப்பமும் இல்லை" என்றேன். அவனிடம் நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் தட்டைக் கழற்றி, அப்படியே கவிழ்க்காமல் தரையில் வைத்திருந்தார், என்னிடம் காட்டுவதற்காக. உள்ளே ஒரு விரல்கடை உயரத்துக்குக் கறுப்புச் சேறு. அதில் எண்ணெய். அந்த எண்ணெயையெல்லாம் குடித்து ஊதிப்போய்க் கிடந்தது அம்மாவின் புடவை. அரக்குக் கரை அப்போதும் தெரிந்தது.

"இது என்ன துணி சேச்சி?"

"எலிக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காருக்கு அடியில் என்னையும் குனியச் சொல்லி, எஞ்சின் எண்ணெய் தங்குகிற இரும்புத் தொட்டியை ஸ்க்ரூ டிரைவரால் மெள்ளக் குத்தினார். பப்படத்தில் போவது போல் உள்ளே போயிற்று. அதன் முன்னால் இருக்கிற குறுக்குச் சட்டமும் அடுக்கடுக்காக உரிந்துவிட்டிருந்தது.

"உப்புவெள்ளம் வந்து போனாக் கூட இவ்வளவு ஆகாது சேச்சி. இது போகவே இல்லல்ல? தண்ணி எறங்கற வழியெல்லாம் துணி வெச்சு அடைச்சு, மேல இருந்து தண்ணியும் விட்டா, அந்த உப்பு எங்க போவும்? மூணு வருஷம் ஊறப் போட்ட மாதிரி ஆயிப்போச்சு."

"நான் கழுவாமலே இருந்திருந்தா?"

"இதைவிட நல்லா இருந்திருக்கும்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இதை முன்னாடியே சொல்லறதுக்கென்ன உங்களுக்கு?" என்று அவர்மேல் பாய்ந்தேன். "நானா சொல்லலை? ஊருங்க, ஊருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!" என்றார் அவர். வாஸ்தவம். எனக்கு வந்தது வெட்கமா, துக்கமா, இரண்டுமா என்று தெரியவில்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேனே, பாவி!

வேறு தொட்டி தேடிப் பிடித்து மாட்டலாம், சட்டத்தை வெட்டி வெல்டு பண்ணலாம், வண்டி ஓடும் என்றார். "ஆனா இந்தத் தட்டு இனி வேண்டாம் சேச்சி. தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. மத்த வேலையை நான் பாத்துக்கறேன்."

அந்த வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. ஆபீஸில் ஒரு மாணவியின் மாற்றுச் சான்றிதழில் அவள் அப்பா பெயரை எழுத வேண்டிய இடத்தில் கல்லூரிப் பெயரை எழுதினேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன். காலியான ஷெட்டைப் பழக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன? புதுத் தொட்டி போட்டு, தட்டைத் திருப்பி மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் அவன் வந்த அன்றைக்கே, டிரஸ் மாற்றுவதற்கு முன்னாலேயே, காருக்கு அடியில் போய்ப் படுப்பான். அவனை எனக்குத் தெரியாதா?

அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. கார் பாழாகிவிட்டது என்று தெரிந்தால் அவன் எதற்காகத் திரும்பி வருவான்? இங்கே அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். அது போதுமா என்று எனக்கு நிச்சயம் இல்லை. வெள்ளிக்கிழமை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இது தோன்றியது. குழாயை மூடாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடுகிற வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று மணிக்கே நான் கூப்பிட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, புகையிலை, ஹோஸ், பாலம், விளக்கு, பொய், எதையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கத்தலுக்காகக் காத்திருந்தேன். காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிக்கூட வைத்துக்கொண்டேன்.

"பாவம் அக்கா நீ" என்றான். "தரையிலே படுத்துண்டா அதெல்லாம் பண்ணினாய்? இடுப்பு வலிக்கலையா?"

"திட்டுடா."

"எதுக்குத் திட்டணும்? இரும்புதானே. துருப் பிடிக்கும்."

"சரி, தட்டு? தட்டை என்ன பண்ணறது?"

"ஊரிடச் சொல்லு. மெக்கானிக் சொல்றதுதான் சரி. ஓட்டறது நீதானே அக்கா. உன் சௌகரியம்."

உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன். "காத்து? ரேடியேட்டர் வழியாப் போகணும்னியே? பெல்ட்டுலே தண்ணி தெறிக்கும்னியே?"

"நீ போற வேகத்துக்கு ஒண்ணும் ஆகாது அக்கா."

"அப்போ இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா! ரெண்டரை வருஷம் என்னோட மல்லுக்கட்டினாயே!"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அன்னிக்கு நான் வர்றதா இருந்தேன்" என்றான்.

பிறகு மற்றதையெல்லாம் சொன்னான். வேலை நிரந்தரமாகிவிட்டது. அங்கேயே வீடு பார்த்துவிட்டான். தீபாவளிக்கே சொல்ல நினைத்தானாம், வாய் வரவில்லையாம். கோடையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாசம் வைத்துக்கொள்கிறேன் என்றான். நான் உம், உம் என்றேன். சாப்பிட்டாயா என்று இரண்டாவது தடவையாகக் கேட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். புதுத் தொட்டி மாட்டியாகிவிட்டது, வெல்டிங்கும் முடிந்திருந்தது. கழுவித் துடைத்த தட்டு சுவரில் சாய்ந்து நின்றது. மெக்கானிக் கையில் சாயா கிளாஸோடு, "தம்பி என்ன சொன்னாரு சேச்சி?" என்றார்.

"வேண்டாம்னுட்டான். ஊரிடச் சொல்லிட்டான்."

"ஹாவூ! ஒருவழியாச் சம்மதிச்சாரே. அப்போ இதை டிக்கியில வெச்சுத் தரட்டா?"

"இல்லை. மாட்டுங்க."

"எந்தா?"

"மாட்டுங்கன்னு சொல்றேன்."

"சேச்சி, ரெண்டரை வருஷமா ஊரணும், ஊரணும்னு நின்னது நீங்கதானே? இப்போ தம்பியே சரின்னாச்சு. இன்னும் எதுக்கு?"

"அவன் சொல்லுவான். அவனுக்கென்ன?" என்றேன். "இனிமே துணி வைக்கமாட்டேன். தண்ணி விடமாட்டேன். ஹம்ப்பிலே மெள்ளப் போறேன். நீங்க மாட்டுங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு, பதினெட்டு கிளிப்பையும் ஒரு டப்பா மூடியில் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனார்.